பூரணமும் மருமகளின் குளிசைகளும்

மூத்த மகனுக்குக் கலியாணம் முடிந்து மருமகள் வீட்டுக்குள் கால் வைத்தபோது பூரணத்துக்கு நாற்பத்தொரு வயது. ஆலாத்தி எடுத்து முடிவதற்குள் இரண்டு வயதுப் பிள்ளையொன்று அழுதுகொண்டு வந்து அவளுடைய சேலையைப் பிடித்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெண்வீட்டோடு வந்திருந்த ஒருத்தி, "ஆற்றை பிள்ளை உது?" என்று கேட்டாள். பூரணம் "வீட்டுப் பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுடைய ஒன்பதாவது பிள்ளை வசந்தா.

இது 1971ஆம் ஆண்டு ஆவணியில், புத்தூரில் நடந்தது. மகன் பரமலிங்கத்துக்கு இருபத்துமூன்று வயது. சுன்னாகம் மின்சார நிலையத்தில் வேலை. மருமகள் பத்மாசினி உரும்பிராய்க்காரி, இருபது வயது. அவளுடைய தமையனைப் பூரணத்தின் மூத்த மகள் கனகாம்பிகைக்கு அதே கிழமையில் செய்துவைத்தார்கள். மாற்றுச் சம்மந்தம். மாப்பிள்ளை பெண்வீட்டில் போய் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்றாலும், இரண்டு சீதனக் காணிகளிலும் வீடு எழும்பியிருக்கவில்லை. ஆகவே வீடு கட்டும்வரை கனகாம்பிகை உரும்பிராயிலும் பத்மாசினி புத்தூரிலும் இருப்பதென்று பேச்சு.

பூரணம் பதினேழு வயதில் ஏரம்புவைக் கட்டியவள். ஏரம்பு நல்ல தோட்டக்காரன். அடிதடி, குடி ஒன்றும் இல்லை. வாய்தான் அதிகம் திறக்காது. இருபத்திரண்டு வருடத்தில் ஒன்பது பிள்ளைகள் பிறந்து மூன்று தவறிப்போயின. வயிறும் இடுப்பும் இரண்டும் வெறுமையாக இருந்த மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடம் வராது. வெங்காயம் நடும் பெண்களோடு வரிசையில் குந்தியிருக்கும்போது அவளுக்கு மட்டும் வயிறு முழங்காலில் முட்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்மாசினி வந்த முதல் கிழமையிலேயே பூரணத்துக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. பெட்டை கெட்டவள் இல்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டினாள், பிட்டு அவித்தாள், வசந்தாவுக்குத் தலை இழுத்துவிட்டாள். ஆனால் அவள் குனிந்து நிமிரும்போது அந்த இடுப்பைப் பூரணம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் இடுப்பு. தனக்கும் அப்படி ஒன்று இருந்ததா என்று நினைத்துப் பார்த்தாள். இருந்திருந்தால் அது கலியாணம் முடிந்து நாலு மாதம்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் கதவுள்ள ஒரே அறையை இளசுகளுக்கு விட்டிருந்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர்கள் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். அவன் ஏதோ சொல்லுவான், அவள் சிரிப்பாள், பிறகு அவளும் நீளமாக ஏதோ சொல்லுவாள். புருஷனோடு அவ்வளவு நேரம் கதைக்க என்ன இருக்கிறது? ஏரம்பு தன்னோடு கதைத்தவற்றை அவள் நினைத்துப் பார்த்தாள். தண்ணி மாறவேணும். மாட்டை அவிட்டாச்சோ. சோத்தைப் போடு. அவளும் அதற்கு மேலே கேட்டதில்லை.

காலையில் பரமலிங்கம் சைக்கிள் பாரில் மனைவியை ஏற்றிக்கொண்டு சுன்னாகத்துக்குப் போவான். அவள் அங்கே தட்டெழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆடியில் சோதனை, பாஸ் பண்ணினால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைக்கலாம் என்றாள். பாரில் அவள் பக்கவாட்டாக இருந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு போவதை வாசல் படலையடியில் நின்று பூரணம் பார்ப்பாள். சைக்கிள் திருப்பத்தில் மறைந்த பிறகும் சற்று நேரம் நிற்பாள்.

ஐப்பசியில் உரும்பிராயிலிருந்து செய்தி வந்தது. கனகாம்பிகை முழுகாமல் இருக்கிறாள்.

பக்கத்து வளவு நல்லம்மா வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "மாத்திச் செய்த சம்மந்தம். ஒரு பக்கம் காய்ச்சிட்டுது. மற்றப் பக்கம் என்னவாம்?"

"ஆருக்குத் தெரியும்" என்றாள் பூரணம்.

உள்ளுக்குள் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. படித்த பெட்டை, இடுப்புள்ள பெட்டை, அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் தன்னுடைய மகள் முந்திவிட்டாள். அப்படி நினைத்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தத் திருப்தியும் நிலைக்கவில்லை. மாதாமாதம் பத்மாசினி முழுகிவிட்டு வந்து வெயிலில் தலையை உலர்த்துவாள். பிள்ளை தங்கவில்லையே என்ற கவலை முகத்தில் மருந்துக்கும் இராது. வாய்க்குள் ஒரு பாட்டுக்கூட இருக்கும். அதைத்தான் பூரணத்தால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

தை மாதம் ஒருநாள் வசந்தாவின் சட்டை கிழிந்துவிட்டது. தையல் ஊசி தேடிப் பூரணம் மருமகளின் அலுமாரியைத் திறந்தாள். ஊசி இருக்கும் என்று நினைத்துத் திறந்த பவுடர் பேணிக்குள் ஊசி இல்லை, ஓர் அட்டை இருந்தது. வெள்ளித் தாள் ஒட்டிய அட்டை. அதில் சின்னச் சின்னக் குளிசைகள் வரிசை வரிசையாக இருந்தன. முதல் இரண்டு வரிசை வெறுமையாக இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீசு.

இந்தப் பெட்டைக்கு ஏதோ வருத்தம், மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. அந்த எண்ணம் வந்ததும் உடம்பெல்லாம் ஒரு உசார் வந்தது. ஒரு குளிசையைப் பிதுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை கிளினிக் நாள். மருத்துவமாது குணலட்சுமி பூரணத்தின் கடைசி மூன்று பேறும் பார்த்தவள். பிள்ளைகளுக்கு ஊசி போடவந்த சனம் கலையும்வரை பூரணம் வேப்பமரத்தடியில் நின்றாள். பிறகு உள்ளே போய் முடிச்சை அவிழ்த்தாள்.

"மிஸ்ஸி, இதொண்டைப் பாத்துச் சொல்லுங்கோ. இது என்ன வருத்தத்துக்குப் போடுறது?"

குணலட்சுமி குளிசையைப் பார்த்தாள். பிறகு பூரணத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு இது எங்காலை?"

"கிடந்து எடுத்தது."

"இது வருத்தத்துக்கில்லை அக்கா. பிள்ளை தங்காமல் இருக்கப் போடுறது. நாளுக்கு ஒண்டு, தவறாமல் போடவேணும். பிள்ளை வேணுமெண்டு நினைச்ச நேரம் நிப்பாட்டலாம்."

"நிப்பாட்டினால் தங்குமோ?"

"ஓம். அதுக்கென்ன."

நினைச்ச நேரம் என்ற சொல் பூரணத்தின் காதுக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவள் சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள்.

"உது எப்ப வந்தது?"

"எங்கடை கிளினிக்குக்கு வந்து அஞ்சு வருசம் வரும்."

அந்த ஐந்து வருடத்துக்குள் அவள் இரண்டு தரம் பெற்றிருக்கிறாள். ஒன்று ஏழாம் மாதம் பிறந்து மூன்று நாளில் போனது. அதற்கு அழுது முடியுமுன் வசந்தா வயிற்றில்.

"என்னட்டை நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"வசந்தா பிறந்து பத்தாம் நாள் சொல்ல வெளிக்கிட்டனான். உங்கடை மாமி பக்கத்திலை இருந்தவ. உந்தக் கதையளை இஞ்சை கதையாதை பிள்ளை எண்டு என்னைக் கலைச்சுவிட்டவ. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டியள்."

"பேந்து ஒருநாள் வந்து சொல்லியிருக்கலாமே."

குணலட்சுமி மேசையில் கிடந்த பஞ்சை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, "இப்பவும் பிந்தேல்லை. உங்களுக்கு வேணுமெண்டால் பிரஷர் பாத்துப்போட்டு என்ன குடுக்கலாமெண்டு சொல்லுறன்" என்றாள்.

"எனக்கோ? மருமோள் எடுத்த வீட்டிலை எனக்கென்னத்துக்கு உது" என்று பூரணம் எழும்பிவிட்டாள். குளிசையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. வம்சம் தழைக்கவில்லை என்ற கோபமா என்றால், இல்லை. பேரப்பிள்ளை அவளுக்கு அவசரமே இல்லை. தன்னுடைய வயதில் பாதிகூட இல்லாத ஒருத்தி தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதைப் பவுடர் பேணிக்குள் போட்டு மூடி வைத்துக்கொண்டு, வெயிலில் தலை உலர்த்துகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்தநாள் இளசுகள் சைக்கிளில் போன பிறகு அவள் அலுமாரியைத் திறந்து ஒரு குளிசை எடுத்து விழுங்கினாள். அதற்கடுத்த நாளும் எடுத்தாள். கிளினிக்கில் போய்க் கேட்டால் இந்த வயதிலும் புருஷனோடு படுக்கிறாள் என்று சனம் சிரிக்கும். இங்கே கேட்பாரில்லை. தனக்கு வரவேண்டியது ஐந்து வருடமாக வராமல் போனது, இப்போது எடுக்கிறேன் என்று தனக்குத்தானே நியாயம் சொன்னாள். வீட்டில் ஆள் நின்ற நாட்களில் எடுக்க முடியவில்லை. மற்ற நாட்களில் விடவில்லை.

ஒருநாள் அடைத்த கதவுக்குப் பின்னால் பத்மாசினியின் குரல் கேட்டது. "நான் எண்ணி எண்ணித்தான் போடுறன். எனக்கென்ன விசரோ?" பரமலிங்கம் ஏதோ முணுமுணுத்தான். அதன்பிறகு பேணி அலுமாரியில் இல்லை. ட்றங்குப் பெட்டிக்குள், கூறைச்சேலைக்கு அடியில் அதைப் பூரணம் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அட்டை புதிது.

மாசி நடுவில் ஒருநாள் மாமியும் மருமகளும் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மாசினி சேலையைக் கல்லில் அடித்துக்கொண்டே, முகம் திருப்பாமல் சொன்னாள்.

"மாமி, அது நாளுக்கு ஒண்டு, வரிசையாப் போட்டால்தான் வேலை செய்யும். ரெண்டுபேர் ஒரு அட்டையிலை எடுத்தால் ரெண்டுபேருக்கும் சரிவராது."

பூரணத்தின் கையில் சவுக்காரம் வழுக்கியது.

"எதைச் சொல்லுறாய்?"

"வெள்ளித் தாளிலை மஞ்சள் விரல் பட்டிருக்கு மாமி. எனக்குக் கோபமில்லை. நீங்கள் ஒருக்கா என்னோடை கிளினிக்குக்கு வாங்கோ. உங்கடை வயதுக்கு இந்தக் குளிசை கூடாமலும் இருக்கலாம். கேட்டுப்போட்டு..."

"ஆரைப் பாத்துக் கதைக்கிறாய்? கள்ளி எண்டு சொல்லுறியோ என்னை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

அந்தப் பெட்டை கோபித்திருந்தால், கத்தியிருந்தால்கூடப் பூரணம் பொறுத்திருப்பாள். தன்னுடைய வயதைச் சொல்லி இரங்கியதை அவளால் பொறுக்க முடியவில்லை. பாதி தோய்த்த உடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேலியடிக்குப் போனாள். நல்லம்மா அங்கே ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லம்மா, மற்றப் பக்கம் என்னவெண்டு கேட்டாயெல்லோ. எங்கடை மருமோள் பிள்ளை தங்காமல் இருக்கக் குளிசை விழுங்குறாள். ஆறு மாசமா."

நல்லம்மாவிடம் சொன்னால் உரும்பிராய்க்குப் பஸ் போகுமுன் செய்தி போய்விடும். அது பூரணத்துக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் பத்மாசினியின் தாய் பராசக்தி வந்து இறங்கினாள். படலை தாண்டும்போதே அழுகை. "என்ரை பிள்ளை மலடியெண்டு பேரெடுக்கப் போறாளோ? உன்னை ஆரடி உதுக்குப் பழக்கினது?"

பரமலிங்கம் வேலைக்குப் போக நின்றவன். அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். "மாமி, அவவை ஏசாதையுங்கோ. ரெண்டுபேரும் சேந்து எடுத்த முடிவு. சோதனை முடியட்டும் எண்டுதான்."

"ஆம்பிளையள் கதைக்கிற கதையோ தம்பி இது?"

விறாந்தைக் கதிரையில் இருந்த ஏரம்பு தொண்டையைச் செருமினான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். "சின்னஞ் சிறுசுகள்" என்றான் அவன். "கொஞ்சக் காலம் ஆறுதலா இருக்கட்டுமன். அதுக்கேன் அழுகை?"

பூரணம் குசினி வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள். இந்த வாயில் இப்படி ஒரு வசனம் இருந்திருக்கிறது. இருபத்துநாலு வருடத்தில் தனக்காக ஒருதரமும் அது வெளியே வரவில்லை. மருமகளுக்கு வந்திருக்கிறது. அவளுக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை.

பராசக்தி விடவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தன்னுடைய தலையில் வைத்துச் சத்தியம் கேட்டாள். கடைசியில் பத்மாசினி ட்றங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். பராசக்தி அதைக் கொண்டுபோய்க் குசினி அடுப்புக்குள் போட்டாள். வெள்ளித் தாள் சுருண்டு கறுத்தது. அப்போது பத்மாசினி ஒருதரம் மாமியைப் பார்த்தாள். இவவும்தான் எடுத்தவ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் தலைகீழாகியிருக்கும். அவள் சொல்லவில்லை. தாய்க்குத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பூரணத்துக்கு இரத்தம் போகத் தொடங்கியது. இது வழமையான மாதத் துடக்கு இல்லை. இரண்டு நாளில் நிற்கும் என்று பார்த்தாள், நிற்கவில்லை. வெங்காயத் தறையில் குந்தியிருந்தவள் எழும்பும்போது தலை சுற்றி மண்ணில் கைகளை ஊன்றிவிட்டாள். தோட்டத்துப் பெண்கள் கூட்டிவந்து விட்டார்கள். விறாந்தையில் படுத்திருந்தவளின் பக்கத்தில் பத்மாசினி வந்து இருந்தாள்.

"எத்தினை நாளாப் போகுது மாமி?"

பூரணம் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"பயப்பிடாதையுங்கோ. குளிசையை இடையிலை விட்டால் இப்பிடிப் போகுமாம். எண்டாலும் உங்களுக்கு இது கூட. எழும்புங்கோ, போவம்."

இவளுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. தன்னுடைய உடம்புக்குள் நடப்பதை இந்தப் பெட்டை வெளியே இருந்துகொண்டு சொல்கிறாள். பயத்தோடு பயமாக எரிச்சலும் வந்தது. ஆனால் எழும்பினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தில் மாமியை இருத்திவிட்டுப் பத்மாசினி பக்கத்தில் இருந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் பூரணம் கேட்டாள்.

"உனக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லேல்லை மாமி. வகுப்பிலை ஒரு பிள்ளை பப்பாசிக்காய் தின்னச் சொன்னாள். இன்னொருத்தி நாள் எண்ணச் சொன்னாள். எந்த நாளெண்டு அவளுக்கே தெரியாது. இவரோடை வேலை செய்யிற பெடியள் குளிசை போட்டால் பொம்பிளைக்கு மீசை முளைக்குமெண்டு சொல்லியிருக்கிறாங்கள். எங்களுக்குப் பயம். பேந்து ரெண்டுபேரும் சைக்கிளிலை போய் மிஸ்ஸியிட்டையே கேட்டம்."

"பெடியனும் வந்தவனோ?"

"ஓம். பொம்பிளையளுக்கு நடுவிலை வாங்கிலை இருந்தவர். ஒரே வேர்வை."

அந்த வாங்கு பூரணத்துக்குத் தெரியும். அதில் தன்னுடைய மகன் வேர்த்துக்கொண்டு மனைவிக்காக இருந்திருக்கிறான். அவனைப் பெற்றவள் அவள். அவள் பெற்றவன் இன்னொருத்திக்காக அங்கே இருந்திருக்கிறான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குணலட்சுமி பிரஷர் பார்த்தாள். பட்டியை அவிழ்த்துவிட்டு இன்னொருதரம் பார்த்தாள். பிறகு பூரணத்தை ஏசினாள். "கிடந்து எடுத்ததோ அக்கா? இந்தப் பிரஷரோடை இந்தக் குளிசை போட்டால் கை கால் இழுத்துப்போடும். நாளுக்கொண்டு போடுறதெண்டு சொல்லித் தந்தது நான்தான். அதோடை இதையும் சேத்துச் சொல்லியிருக்க வேணும்." இரத்தம் நிற்க மருந்து எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். பங்குனியில் டொக்டர் அம்மா வந்த நாளில் பூரணத்துக்கு இனிப் பிள்ளை தங்காமல் கருப்பைக்குள் லூப் வைத்தார்கள். மருமகள்தான் அன்றும் கூட வந்தாள். "வயித்துக்குள்ளை ஒரு கோளாறு, வைத்தியம் செய்தது" என்று பூரணம் ஏரம்புவிடம் சொன்னாள். அவன் "ஓம்" என்றான். அதோடு அவளுடைய பிள்ளைப்பேறு முடிந்தது.

சித்திரையில் பத்மாசினி முழுகாமல் இருந்தாள்.

அட்டை அடுப்புக்குள் போன பிறகு தாய்க்குச் செய்த சத்தியத்தை மீறி அவள் வேறு வாங்கவில்லை. தின்றதெல்லாம் வெளியே வரும் சத்தி அவளை நிமிர விடவில்லை. சைக்கிள் பாரில் இருந்தால் சத்தி, தட்டெழுத்து மெசினின் எண்ணெய் மணத்துக்குச் சத்தி. ஆடியில் சோதனைக்குப் போய் அரைவாசியில் எழும்பி வந்துவிட்டாள். அந்தமுறை வேலை இன்னொரு பெட்டைக்குக் கிடைத்தது.

பூரணம் அவளுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். புளி குறைத்துச் சமைத்தாள். இரவில் தேசிக்காய் மணக்கக் கொடுத்தாள். எல்லாம் செய்தாள். அப்படிச் செய்யும்போதே, இனி நீயும் எங்களைப்போலத்தான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலுக்கு அவள் பயந்தாள். ஆனாலும் அதை நிறுத்த முடியவில்லை. மருமகளின் இடுப்பு மாதத்துக்கு மாதம் மறைந்துபோவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏழாம் மாதம் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பத்மாசினி சொன்னாள். "மாமி, நல்லம்மாக்காட்டைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

பூரணம் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். "ஓம்" என்றாள்.

அதற்குமேல் அவர்கள் இருவரும் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

மார்கழியில் பெண் பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும் பத்மாசினி கிளினிக்குக்குப் போய்த் திரும்பவும் அட்டை வாங்கிவந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கென்று வேறு விதமான குளிசை. இந்தமுறை ஒளிக்கவில்லை. மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் காண வைத்தாள். பராசக்தி வந்தபோது அதைப் பார்த்தாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் உரும்பிராயில் கனகாம்பிகை இரண்டாவது முறையாக முழுகாமல் இருந்தாள். மூத்தது தவழ்ந்துகொண்டிருந்தது. பூரணம் விடியவே வெளிக்கிட்டுப் போனாள். மகளிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று போனவள், முருங்கைக்காய் ஆய்ந்தாள், பேரனைக் குளிப்பாட்டினாள், மத்தியானம் சாப்பிட்டாள், பின்னேரம் பஸ் ஏறிவிட்டாள். வாய் வரவில்லை. பெற்ற மகளிடம் அதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பத்மாசினியிடம் சொன்னாள். "நீ ஒருக்காச் சொல்லு பிள்ளை அவளுக்கு. இதோடை காணுமெண்டு. என்னாலை கதைக்க ஏலாமல் கிடக்கு."

பத்மாசினி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "மச்சாளுக்குத் தெரியும் மாமி. கலியாணத்துக்கு முதலே நான் எல்லாம் சொன்னனான். அவவுக்குப் பிள்ளையள் விருப்பம். நாலு வேணுமாம், கெதியாப் பெத்துமுடிக்க வேணுமாம். பேந்து நிப்பாட்டுறாவாம்."

பூரணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கனகாம்பிகை தெரியாமல் பெறுகிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் தெரிந்துகொண்டுதான் பெறுகிறாள். நாலு என்று எண்ணி வைத்திருக்கிறாள். ஒன்பதில் எத்தனை வேண்டும் என்று பூரணத்திடம் யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? பரமலிங்கம் வேண்டும். கனகாம்பிகை வேண்டும். இந்த வசந்தாவும் இப்போது இல்லாமல் முடியாது. ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. அன்றுமுதல் அவளுக்குத் தன்னுடைய மகள்மேலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. வெளியில் காட்டவில்லை.

1974இல் உரும்பிராயில் சீதன வீடு எழும்பியது. பரமலிங்கமும் பத்மாசினியும் பிள்ளையோடு போனார்கள். அடுத்த வருடம் அவள் சோதனையை எழுதிப் பாஸ் பண்ணி, கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது பிள்ளை 1977இல், வேலை நிரந்தரமான பிறகு. கனகாம்பிகை சொன்னபடி நாலோடு நிறுத்தினாள். பூரணம் மாதத்தில் ஒருதரம் போய் இரண்டு வீடும் பார்த்து வருவாள். பத்மாசினி வேலைக்குப் போகச் சேலை கட்டும்போது கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பெற்ற பிறகும் அந்த இடுப்பு திரும்பி வந்திருந்தது. மாமியும் மருமகளும் மரியாதையாக இருந்தார்கள். நெருக்கமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

1981இல் பூரணத்தின் இரண்டாவது மகள் மகாதேவிக்குக் கலியாணம் சரிவந்தது. இருபத்திரண்டு வயது. கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, பூரணம் அவளிடம் ஒரு பையைக் கொடுத்தாள். "உரும்பிராய்க்குப் போய் மச்சாளோடை ரெண்டு நாள் நிண்டிட்டு வா."

"என்னத்துக்கு அம்மா?"

"போ எண்டால் போ. மச்சாளுக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் மத்தியானம் மகாதேவி திரும்பி வந்தாள். பூரணம் முற்றத்தில் பாயில் செத்தல் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தில் இன்னும் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தது.

"மச்சாள் என்ன சொன்னவ?"

"எல்லாம் சொன்னவ."

"அது சிரிக்கிற கதையோ?"

"சில இடம் சிரிப்புத்தான் அம்மா."

பூரணத்துக்குப் பத்து வருடத்துக்கு முந்தின எரிச்சல் அப்படியே நெஞ்சில் ஏறியது. இருபத்திரண்டு வயது. கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் எல்லாம் தெரியும், தெரிந்து சிரிக்கவும் தெரியும். அவள் மிளகாயைக் கையால் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"எந்த இடம் சிரிப்பு? எனக்கும் சொல்லன்."

"போங்கோ அம்மா" என்று மகாதேவி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூரணம் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தாள். பிறகு பாயின் மற்றப் பக்கத்துக்குப் போய் மிச்ச மிளகாயைப் பரப்பினாள்.